மஞ்சள் மண்டலம், பச்சை மண்டலம்: மருந்தடிக்கும் என் ட்ரோன் வானத்தில் இருப்பது ஹெலிகாப்டருக்கு எப்படித் தெரியும்?

வரப்போரம் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். காவிரி டெல்டாவிலிருந்து எழுதுகிறேன். எங்கள் மகளிர் குழுவுக்கு மருந்தடிக்கும் ட்ரோன் ஒன்று இருக்கிறது. பத்து லிட்டர் டேங்க். மருந்தும் பேட்டரியும் சேர்ந்தால் 25 கிலோவை ஒட்டி வரும். ரிமோட் பைலட் சான்றிதழ் என் பெயரில்தான். இது எனக்கு மூன்றாவது வருஷம். ஓட்டுவதில் எனக்குச் சந்தேகம் இல்லை. மேலே இருக்கிற வானத்தைப் பற்றித்தான் கேட்க வேண்டியிருக்கிறது. நடந்த இரண்டு விஷயங்களைச் சொல்கிறேன்.

போன ஐப்பசியில் சம்பாவில் இலைச்சுருட்டுப் புழு விழுந்தது. ஐந்து பேருடைய வயல், சேர்த்து 22 ஏக்கர், என்னிடம் சொல்லியிருந்தார்கள். அந்த வயல்கள் ஒரு விமானதளத்தின் சுற்றுச்சுவரிலிருந்து ஏழு கிலோமீட்டரில் இருக்கின்றன. ட்ரோனுக்கான அரசு இணையதளமான டிஜிட்டல் ஸ்கையின் வரைபடத்தில் அது மஞ்சள் மண்டலம். தரையை விட்டு ஒரு அடி எழும்பினாலும் அனுமதி வேண்டும். சர்வே எண், அட்சரேகை தீர்க்கரேகை, நேரம், உயரம் எல்லாம் கொடுத்து விண்ணப்பித்தேன். பதினோராம் நாள் பதில் வந்தது: கேட்டிருந்த தேதி கடந்துவிட்டது, புதிதாக விண்ணப்பிக்கவும். அதற்குள் புழு இலையைச் சுரண்டி வயலையே வெளுக்க வைத்துவிட்டது. கடைசியில் ஆட்களே கைத்தெளிப்பானை முதுகில் மாட்டிக்கொண்டு இறங்கினார்கள். அதில் ஒரு பெரியவருக்கு மருந்து நெடி ஏறி, வரப்பிலேயே மயங்கி உட்கார்ந்துவிட்டார். என் ட்ரோன் பயிருக்கு மேல் மூன்று மீட்டரில் பறக்கும். வயலைச் சுற்றி நிற்கிற தென்னை இருபது மீட்டர். தென்னையை விடத் தாழப் பறக்கிற ஒன்றால் விமானத்துக்கு என்ன ஆகிவிடும் என்று அன்று ராத்திரி முழுக்க மனசு அடித்துக்கொண்டது.

இரண்டாவது, மார்கழிக் கடைசியில் நடந்தது. தாளடிப் பயிர், வேறு ஊர், பச்சை மண்டலம், அனுமதியே தேவையில்லாத இடம். டேங்க் காலியானதும் ட்ரோன் தானாகவே முதலில் 30 மீட்டருக்கு மேலே ஏறி, அப்புறம் நேராகக் கிளம்பிய இடத்துக்கு வரும். வாங்கும்போதே அப்படித்தான் வைத்துக் கொடுத்தார்கள். அன்றும் அப்படி ஏறியது. அதே நேரத்தில் தென்னந்தோப்புக்குப் பின்னாலிருந்து ஒரு ஹெலிகாப்டர் வந்தது. தோப்பு மறைத்ததால் சத்தமே கடைசியில்தான் கேட்டது. என் கை ரிமோட்டில் உறைந்துவிட்டது. இறக்க வேண்டும் என்று தோன்றுவதற்குள் அது இரண்டு வயல் தள்ளிக் கடந்து போய்விட்டது. தென்னங்கீற்றெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்து நிமிர்ந்தது. ட்ரோன் அதே 30 மீட்டரில் நின்றுகொண்டிருந்தது. உள்ளே இருந்தவர்கள் அதைப் பார்த்தார்களா?

அனுமதி வேண்டிய இடத்தில், ஆபத்தில்லாத உயரத்தில், எனக்கு அனுமதி கிடைக்கவில்லை. அனுமதி தேவையில்லாத இடத்தில் உயிர் போகிற மாதிரி ஒன்று நடக்கப் பார்த்தது. இந்த ஏற்பாட்டில் எங்கேயோ தப்பு இருக்கிறது. தெரிந்தவர்கள் விளக்குங்கள். இனிமேல் மருந்து, பார்சல் எல்லாம் ட்ரோனில் வரும் என்கிறார்கள். அப்போது எங்களைப் போன்றவர்களுக்கு வானத்தில் இடம் இருக்குமா?

பச்சைவானம்

அக்கா, உங்கள் மேல் தப்பே இல்லை. பச்சை மண்டலத்தில் 400 அடி வரை, அதாவது 120 மீட்டர் வரை பறக்கலாம் என்று 2021 ட்ரோன் விதிகளே சொல்கின்றன. நீங்கள் இருந்தது 100 அடி. ஹெலிகாப்டர்தான் 500 அடிக்குக் கீழே வந்திருக்கக் கூடாது. தேதி நேரத்தோடு புகார் கொடுங்கள்.

பழைய கோபுரம்

தங்கச்சி, நான் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டில் 31 வருஷம் இருந்து ஓய்வு பெற்றவன். உங்கள் பதிவை இரண்டு தடவை படித்தேன். கடைசிப் பத்தியில் நீங்கள் கேட்டிருப்பதுதான் இன்றைக்கு உலகம் முழுக்க விமானத் துறை மண்டையை உடைத்துக்கொள்கிற கேள்வி. அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில், மேலே தம்பி சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம். கண்ணால் பார்த்து ஓட்டுகிற விமானம் ஊர் இல்லாத இடத்தில் 500 அடிக்குக் கீழே பறக்கக் கூடாது என்பது உண்மை. ட்ரோனுக்கு 400, விமானத்துக்கு 500, நடுவில் 100 அடி இடைவெளி என்பதுதான் கணக்கு. ஆனால் இறங்கும்போதும் ஏறும்போதும் அந்த விதி பொருந்தாது. வெள்ள மீட்பு, மின்கம்பி ஆய்வு, ராணுவப் பயிற்சி என்று விதிவிலக்கோடு தாழப் பறப்பவர்களும் உண்டு. ஹெலிகாப்டருக்கு எந்த மைதானமும் விமானநிலையம்தான். தேர்தல் காலத்தில் ஒரே நாளில் ஏழெட்டுப் பள்ளி மைதானங்களில் ஹெலிகாப்டர் இறங்கிய கணக்கை நானே ஸ்ட்ரிப்பில், அதாவது ஒவ்வொரு விமானத்துக்கும் நாங்கள் எழுதிவைக்கிற துண்டுச் சீட்டில், எழுதியிருக்கிறேன். இன்னொன்று, ஆள் ஏறிய விமானத்துக்கு ட்ரோன் எப்போதும் வழிவிட்டு விலகி நிற்க வேண்டும் என்று அதே 2021 விதிகளில் இருக்கிறது. பச்சை மண்டலம் என்றால் அனுமதி கேட்கத் தேவையில்லை, அவ்வளவுதான். அங்கே வேறு யாரும் வரமாட்டார்கள் என்று அந்த நிறம் உத்தரவாதம் தரவில்லை. இதைப் பயிற்சியில் அழுத்திச் சொல்ல வேண்டும். சொல்வதாகத் தெரியவில்லை.

இப்போது உங்கள் கேள்வி. ஹெலிகாப்டருக்கு உங்கள் ட்ரோன் எப்படித் தெரியும்? தெரியாது. அன்றைக்கு அவர்கள் பார்த்திருக்க வாய்ப்பு மிகவும் குறைவு.

ஏன் என்று சொல்கிறேன். நூறு வருஷமாகக் கீழ்வானத்தின் பாதுகாப்பு ஒரே விஷயத்தை நம்பி இருக்கிறது: இரண்டு பக்கமும் கண் இருக்கிறது, பார்த்தவன் விலகுவான். ஹெலிகாப்டர் 100 நாட் வேகத்தில் வந்தால் வினாடிக்கு ஐம்பது மீட்டர். எதிரே ஒன்று இருப்பதைக் கண்டு, என்னவென்று புரிந்து, கையசைத்து, இயந்திரம் திரும்புவதற்குச் சுமார் 12.5 வினாடி ஆகும் என்று அமெரிக்க விமானத் துறையின் ஆலோசனைக் குறிப்பு கணக்குச் சொல்கிறது. அதாவது 600 மீட்டருக்கு மேல் தள்ளியிருக்கும்போதே பார்த்தாக வேண்டும். ஒன்றரை மீட்டர் அகல ட்ரோன், பச்சை வயலுக்கும் தோப்புக்கும் முன்னால், அசையாமல் நிற்கிறது. அவ்வளவு தூரத்தில் அது கண்ணில் படவே படாது. உங்கள் ட்ரோனுக்கோ கண்ணே இல்லை. பயிரைப் பார்க்க ரேடார் இருக்கிறது, அது கீழே பார்க்கிறது. ஆக மொத்தம் அன்றைக்கு அந்த வானத்தில் இருந்த ஒரே கண் உங்களுடையது. அதையும் தோப்பு மறைத்துவிட்டது.

விமானநிலையக் கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் இருப்பவர்களுக்குத் தெரிந்திருக்குமே என்று பலர் நினைக்கிறார்கள். நாங்கள் திரையில் பார்ப்பது பெரும்பாலும் விமானம் தானே சொல்கிற பதில். இங்கிருந்து ரேடார் கேட்கும். அதில் இருக்கிற டிரான்ஸ்பாண்டர் 'நான் இன்னார், இன்ன உயரம்' என்று பதில் அனுப்பும். இப்போது ஏடிஎஸ்-பி வந்த பிறகு யாரும் கேட்காமலே விமானம் தன் ஜிபிஎஸ் இடத்தை வினாடிக்கு இரண்டு முறை உரக்கச் சொல்லிக்கொண்டே வருகிறது. பதில் சொல்லாத பொருள் எங்கள் திரையில் ஏறக்குறைய இல்லாத பொருள். சாதாரண ரேடாரில் பருந்தும் படும், மழையும் படும், பனைமரமும் படும். மெதுவாக நகர்கிற சின்னப் புள்ளிகளை இயந்திரமே வடிகட்டி எறிந்துவிடும். இல்லாவிட்டால் திரையைப் பார்க்கவே முடியாது. அந்த வடிகட்டியில் உங்கள் ட்ரோனும் போய்விடுகிறது.

சின்ன ட்ரோன்தானே என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். 2025 ஜனவரியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பாலிசேட்ஸ் காட்டுத்தீயை அணைக்க, கனடாவின் கியூபெக்கிலிருந்து வந்த தண்ணீர் அள்ளும் விமானம் ஒன்றின் இறக்கையில் ட்ரோன் மோதி ஓட்டை விழுந்தது. மோதிய ட்ரோன் 250 கிராமுக்கும் குறைவானது. நம் விதியில் அது நானோ வகை, ஓட்டுவதற்குச் சான்றிதழே தேவையில்லாத வகை. தீ எரிந்துகொண்டிருக்கும்போது அந்த விமானத்தைத் தரையில் நிறுத்த வேண்டியதாயிற்று. அதோடு ஒப்பிட்டால் உங்கள் இயந்திரம் நூறு மடங்கு எடை. அதனால்தான் இரண்டாவது சம்பவத்தைப் படித்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது.

இனி அனுமதி. இதைச் சொல்ல எனக்கு வருத்தமாக இருக்கிறது, ஆனாலும் சொல்கிறேன். விண்ணப்பம் வரும்போது அந்த நாற்காலியில் இருப்பவர் என்ன செய்கிறார் என்று எனக்குத் தெரியும். அட்சரேகையை எடுத்துக் கையால் வரைபடத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். ஓடுபாதையின் அணுகுபாதை அதன் மேல் போகிறதா, அன்றைக்குப் பயிற்சி இருக்கிறதா, வேறு யாரிடம் கேட்க வேண்டும், எல்லாம் ஃபோனில். நடுவில் அவருக்கு விமானங்களும் இருக்கின்றன. முடியாது என்று சொன்னாலும், பேசாமல் வைத்திருந்தாலும் அவரை யாரும் கேள்வி கேட்கப் போவதில்லை. சரி என்று சொல்லி ஏதாவது ஆகிவிட்டால் அவர்தான் பதில் சொல்ல வேண்டும். நானும் அப்படிக் காகிதங்களை நாள் கணக்கில் வைத்திருக்கிறேன். அந்தக் காகிதத்துக்கு அந்தப் பக்கம் ஒரு பெரியவர் மயங்கி உட்கார்ந்திருப்பார் என்று அப்போது எனக்குத் தோன்றியதில்லை.

இதற்கு வழி இருக்கிறது. ஒவ்வொரு விண்ணப்பத்துக்கும் தனியாக யோசிப்பதற்குப் பதிலாக, ஒரு தடவை உட்கார்ந்து யோசித்து முடித்துவிடுவது. அமெரிக்காவில் விமானநிலையத்தைச் சுற்றியுள்ள வானத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இந்தக் கட்டத்தில் 0 அடி, இதில் 100, இதில் 200, இதில் 400 என்று கட்டுப்பாட்டாளர்களே முன்கூட்டி எழுதிவைத்தார்கள். லான்ஸ் என்று பெயர், 2018-இல் நாடு முழுக்கக் கொண்டுவந்தார்கள். நீங்கள் கேட்கிற உயரம் அந்தக் கட்டத்தின் எண்ணுக்குள் இருந்தால் இயந்திரமே சில வினாடிகளில் அனுமதி தந்துவிடும். அதற்கு மேல் கேட்டால் மட்டும் மனிதரிடம் போகும். வேகம் வந்ததோடு நிற்கவில்லை. யார், எங்கே, எத்தனை மணிக்கு என்பது கோபுரத்துக்கும் தெரிந்துவிடுகிறது. உங்களுக்குச் சீக்கிரம் அனுமதி கிடைப்பதும், ஹெலிகாப்டருக்கு உங்களைத் தெரிவதும் தனித்தனிப் பிரச்சினைகள் இல்லை. இரண்டுக்கும் ஒரே தகவல்தான் வேண்டும். அந்தத் தகவல் ஓடுவதற்கு வாய்க்கால் வெட்டுவதைத்தான் வான்வெளியை நவீனமாக்குவது என்கிறார்கள்.

நம் நாட்டில் அடித்தளம் இல்லாமல் இல்லை. ட்ரோன் விதிகள் வந்தது 2021 ஆகஸ்ட் 25. வண்ண வரைபடம் செப்டம்பர் 24. ஆளில்லா விமானப் போக்குவரத்து மேலாண்மைக்கான தேசியக் கொள்கைச் சட்டகம் அக்டோபர் 24. மூன்று மாதத்துக்குள் மூன்றும் வந்தன. முன்பு விமானநிலையத்தைச் சுற்றி 45 கிலோமீட்டர் மஞ்சளாக இருந்தது. அதை 12 ஆக்கினார்கள். எட்டுக்கும் பன்னிரண்டுக்கும் நடுவில் 200 அடி வரை பச்சையாகவே விட்டார்கள். உங்கள் வயல் இன்னும் ஒரே கிலோமீட்டர் தள்ளியிருந்தால் இந்தக் காகிதமே வேண்டியிருக்காது. எட்டுக்கு உள்ளே மட்டும் மூன்று மீட்டரும் நூறு மீட்டரும் ஒன்றாகவே எண்ணப்படுகின்றன. அங்கேதான் வேலை பாக்கி.

நியூசிலாந்தில் எனக்குப் பிடித்த ஒரு விதி இருக்கிறது. மரமோ கட்டடமோ, அதிலிருந்து 100 மீட்டருக்குள், அதன் உச்சிக்குக் கீழே ட்ரோன் பறந்தால் அதை மறைவில் பறப்பதாக எடுத்துக்கொள்கிறார்கள். விமானதளத்துக்கு நான்கு கிலோமீட்டருக்குள்கூட, ட்ரோனுக்கும் தளத்துக்கும் நடுவில் அதைத் தடுத்து நிறுத்தக்கூடிய தடுப்பு ஒன்று இருந்தால், இதற்கு இடம் உண்டு. காரணம் எளிது: எந்த விமானி மரத்துக்குள் புகுந்து வரப்போகிறான்? 'தென்னையை விடத் தாழப் பறக்கிற ஒன்றால் என்ன ஆகிவிடும்' என்று நீங்கள் ராத்திரி முழுக்க யோசித்தீர்களே, அதையே ஒரு நாடு சட்டமாக எழுதிவைத்திருக்கிறது.

சிறகன்

ஐயா, எதற்கு இவ்வளவு சுற்று? எல்லா ட்ரோனிலும் அந்த ஏடிஎஸ்-பி கருவியைக் கட்டாயமாக்கிவிட்டால் விமானங்களுக்கும் கோபுரத்துக்கும் எல்லாம் தெரிந்துவிடுமே?

பழைய கோபுரம்

தம்பி, நானும் முதலில் அப்படித்தான் நினைத்தேன். விமானங்கள் பெரும்பாலும் பேசுவது 1090 மெகாஹெர்ட்ஸ் என்ற ஒரே அலைவரிசையில். சந்தையில் பத்துப் பேர் கூவினால் யார் என்ன விலை சொல்கிறார்கள் என்று கேட்கும். பத்தாயிரம் பேர் கூவினால் பக்கத்தில் இருப்பவர் சொல்வதுகூடக் கேட்காது. ட்ரோன்கள் அதில் நுழைந்தால் பயணிகள் விமானத்தின் குரல் மூழ்கிவிடும் என்பதால், அமெரிக்காவில் சிறப்பு அனுமதி இல்லாமல் ட்ரோன் ஏடிஎஸ்-பி ஒலிபரப்பவே கூடாது என்று விதி போட்டார்கள். அதற்குப் பதில் ரிமோட் ஐடி என்று வைஃபை, புளூடூத் வழியாக அக்கம்பக்கத்துக்கு மட்டும் தன்னைச் சொல்கிற முறை. அது கீழே நிற்கும் காவல்துறைக்கு உதவும், வேகமாக வருகிற விமானிக்கு உதவாது.

அதனால் இன்றைக்குச் சரியாகத் தெரிகிற வழி தலைகீழானது: விமானம் பேசட்டும், ட்ரோன் கேட்கட்டும். கேட்பதால் அலைவரிசை நிறையாது, கருவியும் சின்னது. கேட்டதும் ட்ரோன் தானே இறங்கிவிட வேண்டும். இதிலும் ஓட்டை உண்டு. தாழப் பறக்கிற எல்லா ஹெலிகாப்டரும் பேசுவதில்லை, ராணுவம் பல நேரம் வாயை மூடிக்கொண்டுதான் போகும். அதனால் கண்ணும் காதும் இன்னும் வேண்டும்.

நில அளவன்

ட்ரோன் வைத்து நில அளவை செய்பவன் நான். பெரியவர் சொன்ன 400, 500, நடுவில் 100 அடி என்ற கணக்கைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அந்த 400 எதிலிருந்து 400?

வரப்போரம் அக்காவின் ட்ரோன் மருந்தடிக்கும்போது பயிரிலிருந்து அளக்கிறது. திரும்பும்போது கிளம்பிய இடத்திலிருந்து அளக்கிறது. ஹெலிகாப்டரின் உயரமானி காற்றழுத்தத்தை வைத்துக் கடல்மட்டத்திலிருந்து சொல்கிறது. ஜிபிஎஸ் இவை எதையும் பார்க்காமல், பூமியைத் துருவங்களில் லேசாகத் தட்டையான வழவழப்பான உருண்டையாக எண்ணி, அந்தக் கற்பனைப் பரப்பிலிருந்து அளக்கிறது. நம் ஊரில் இது சின்ன வித்தியாசம் இல்லை. இலங்கைக்குத் தெற்கே இந்தியப் பெருங்கடலில்தான் உலகத்திலேயே ஆழமான ஈர்ப்புப் பள்ளம் இருக்கிறது. அங்கே கடல்மட்டமே அந்தக் கற்பனைப் பரப்புக்கு 106 மீட்டர் கீழே. அதன் விளிம்பில் நாம் இருக்கிறோம். நாகப்பட்டினம் கடற்கரையில் கருவியை நிறுத்திவைத்தால், கால் நனைகிற இடத்தில் நின்றுகொண்டே கழித்தல் 90 மீட்டரை ஒட்டிய எண்ணைப் பார்ப்பேன். முதல் தடவை கருவி கெட்டுவிட்டது என்றே நினைத்தேன். 90 மீட்டர் என்றால் ஏறக்குறைய 300 அடி. ட்ரோன் ஒரு அளவுகோலிலும் விமானம் இன்னொன்றிலும் தன் உயரத்தைச் சொன்னால், அந்த 100 அடி இடைவெளியைப் போல மூன்று மடங்கு பிழை பேச்சிலேயே வந்துவிடும்.

காற்றழுத்தமும் அப்படித்தான். கார்த்திகையில் வங்கக்கடலில் தாழ்வு மண்டலம் வந்து அழுத்தம் 1013-இலிருந்து 1000 ஹெக்டோபாஸ்கலுக்கு இறங்கினால், உயரமானியைத் திருத்தாத விமானி தான் நினைப்பதை விடச் சுமார் 350 அடி தாழ்வாக இருப்பார். வெள்ள மீட்பு ஹெலிகாப்டர் வருவதும் அந்த மாதம்தான், நம் மருந்தடிப்பும் அந்த மாதம்தான். மலைப்பக்கம் போனால் இன்னும் மோசம்: கொடைக்கானல் பாறை விளிம்பில் கிளப்பி 50 மீட்டர் ஏற்றி முன்னால் விட்டால், ரிமோட் 50 என்றுதான் காட்டும், கீழே பள்ளத்தாக்கிலிருந்து பார்த்தால் அது எங்கேயோ நிற்கிறது. எல்லோரையும் ஒரே திரையில் கொண்டுவருவதற்கு முன்னால் எல்லோருக்கும் ஒரே அளவுகோல் வேண்டும். இதைப் பற்றி யாரும் பேசாதது எனக்கு நெடுநாள் வருத்தம்.

பழைய கோபுரம்

நில அளவன் சொல்வது நூற்றுக்கு நூறு. உயரமானி அழுத்தத்தைத் திருத்தச் சொல்வது எங்கள் வேலையில் ஒரு நாளைக்கு நூறு தடவை வாயில் வருகிற வாக்கியம். அதை ட்ரோனுக்குச் சொல்ல இன்றைக்கு ஆள் இல்லை.

டல்லாஸ்வாசி

நான் இருப்பது டெக்சாஸில், டல்லாஸுக்கு வடக்கே. வரப்போரம் அக்காவின் கடைசிக் கேள்விக்கு, பார்சல் ட்ரோன்கள் வந்தால் என்ன ஆகும் என்பதற்கு, என் வீட்டு வாசலில் பார்ப்பதைச் சொல்கிறேன். இங்கே விங், ஜிப்லைன் என்று இரண்டு நிறுவனங்கள் ஒரே வானத்தில் பறக்கின்றன. 2024 ஜூலையில், கீழே ஆள் நின்று பார்க்காமலேயே, ஓட்டுபவர் கண்ணுக்கு எட்டாத தூரத்திலும் இருவரும் ஒரே பகுதியில் பறக்கலாம் என்று அமெரிக்க விமானத் துறை அனுமதித்தது. கோபுரத்திலிருந்து யாரும் அவற்றை ஒவ்வொன்றாக வழிநடத்துவதில்லை. ஒவ்வொரு ட்ரோனும் கிளம்பும் முன் 'இந்த இடம், இந்த உயரம், இந்த நிமிஷத்திலிருந்து இந்த நிமிஷம் வரை எனக்கு' என்று ஒரு துண்டு வானத்தைக் கேட்கிறது. அடுத்த நிறுவனத்தின் கணினியில் அதே துண்டு ஏற்கெனவே எடுக்கப்பட்டிருந்தால், தன் வழியையோ நேரத்தையோ மாற்றிக்கொள்கிறது. கணினிக்கும் கணினிக்கும் நடக்கிற பேச்சு.

ஆனால் நான் கவலைப்படுவது ஒன்றுதான். இப்படிப் பேசத் தெரிந்த கணினி வைத்திருப்பவர்கள் பெரிய நிறுவனங்கள். ஒரு மகளிர் குழுவின் ட்ரோன் இந்தப் பேச்சில் எப்படிச் சேரும்? இந்தியாவில் இதைக் கட்டும்போது, சாதாரண ஃபோனிலிருந்து தமிழில் 'இந்த சர்வே எண், காலை ஆறிலிருந்து எட்டு' என்று சொன்னால் போதும் என்கிற அளவுக்கு எளிதாக இருக்க வேண்டும். மத்திய அரசின் ட்ரோன் தீதி திட்டத்தில் 15,000 மகளிர் குழுக்களுக்கு ட்ரோன் என்கிறார்கள். அந்த 15,000 பேரை விட்டுவிட்டுக் கட்டுகிற வானம் பாதுகாப்பாக இருக்காது.

வரப்போரம்

எல்லோருக்கும் நன்றி. கோபுரத்து ஐயா எழுதியதை எங்கள் குழுவில் வாய்விட்டுப் படித்துக்காட்டினேன். அந்தக் காகிதத்தைப் பற்றி நீங்கள் எழுதியதைக் கேட்டதும் அந்தப் பெரியவரின் மருமகள் எழுந்துபோய்விட்டாள். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பி வந்து, 'அவரிடம் இன்னும் கேள்' என்றாள். அதனால் கேட்கிறேன்.

எனக்கு இப்போது புரிவது இது. இவ்வளவு நாள் அனுமதி வாங்கினால் பத்திரம், வாங்காவிட்டால் ஆபத்து என்று நினைத்திருந்தேன். அன்றைக்கு 30 மீட்டர் ஏறியதுதான் ஆபத்து. அது எந்த மண்டலமாக இருந்தாலும் ஆபத்துதான்.

சட்டம் மாறும் வரை காத்திருக்க முடியாது. குறுவைக்கு நாற்றங்கால் விட்டாகிவிட்டது. இந்தப் பருவத்தில் நானே செய்துகொள்ளக் கூடியது என்ன? நான் நினைத்திருப்பது: திரும்பும் உயரத்தைக் குறைப்பது. ஆனால் எங்கள் தென்னை 20 மீட்டர். 15 வைத்தால் மரத்தில் மோதும், 25 வைத்தால் மரத்துக்கு மேலே தலை நீட்டும். நில அளவன் சொன்ன மாதிரி கிளம்புகிற மேடு வயலை விட ஒன்றரை மீட்டர் உயரம் வேறு. என்ன வைக்கலாம்?

பழைய கோபுரம்

உங்கள் குழுவில் அந்தப் பெண்ணுக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

எண்ணை மாற்றுவதற்கு முன்னால் கிளம்பும் இடத்தை மாற்றுங்கள். வயலுக்கும் நீங்கள் நிற்கிற இடத்துக்கும் நடுவில் மரமே இல்லாத வரப்பைத் தேர்ந்தெடுத்தால் திரும்பும் உயரம் 6 மீட்டர் போதும், 30 எதற்கு? ஒரே வயலில் அப்படி இடம் கிடைக்காவிட்டால், டேங்க் காலியானதும் தானாக ஏறாமல் அங்கேயே நிற்கும்படி வைத்துவிட்டு நீங்களே ஓட்டிக் கொண்டுவாருங்கள். தானாகத் திரும்புவது சிக்னல் போனால் மட்டும் நடக்கட்டும். அதற்கு மட்டும் மரத்தைத் தாண்டுகிற உயரம் இருக்கட்டும். அமைப்பை மாற்றிய பிறகு, காலி டேங்கோடு ஒருமுறை ஓட்டிப் பாருங்கள்.

இரண்டாவது, தோப்புக்கு அந்தப் பக்கம் ஒரு ஆளை நிறுத்துங்கள். ஃபோன் வேண்டாம், எடுப்பதற்குள் நேரம் போய்விடும். விசில் போதும். விசில் கேட்டால் எதையும் யோசிக்காமல் ட்ரோனைப் பயிர்மட்டத்துக்கு இறக்க வேண்டும் என்று உங்கள் விரலுக்குப் பழக்குங்கள். ஹெலிகாப்டரைத் தேடிப் பார்க்காதீர்கள், முதலில் இறக்குங்கள். அன்றைக்கு உங்கள் கை உறைந்ததற்குக் காரணம் பயம் மட்டும் இல்லை, அந்த அசைவு பழக்கத்தில் இல்லாததும்தான்.

மூன்றாவது, மஞ்சள் மண்டல வயல்கள். புழு விழுந்த பிறகு விண்ணப்பிக்காதீர்கள். நடவு முடிந்ததுமே, பருவம் முழுவதற்கும் சேர்த்து, அதிகபட்ச உயரம் 6 மீட்டர் என்று எழுதி, சுற்றியுள்ள மரங்களின் உயரத்தையும் ஒரு படத்தையும் சேர்த்துக் கேளுங்கள். ஒவ்வொரு நாளும் கிளம்பும் முன்னும் முடித்த பின்னும் தகவல் சொல்கிறோம் என்று எந்த எண்ணைக் கூப்பிட வேண்டும் என்பதையும் கேட்டு எழுதுங்கள். நாற்காலியில் இருப்பவருக்குத் தயக்கம் வருவதே உயரமும் ஆளும் தெரியாததால்தான். தருவார்கள் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் அந்த நாற்காலியில் இருந்திருந்தால் இப்படி ஒரு காகிதத்துக்குக் கையெழுத்துப் போட்டிருப்பேன்.

விண்ணப்பத்தை எழுதி முடித்ததும் அனுப்பும் முன் இங்கே போடுங்கள், சர்வே எண்ணை மறைத்துவிட்டு. நான் பார்த்துத் தருகிறேன்.

வரப்போரம்

சரி ஐயா. நாளைக்குக் காலையில் மரங்களை அளக்கப் போகிறோம். அந்த மருமகளும் வருகிறாள். விசில் அவள் கையில்தான்.